மீன் தொட்டி ஒழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்து சிலிகான் போடும் முறை

தொட்டி ஒழுகினால் பலரும் முதலில் செய்வது, ஈரம் தெரிகிற இடத்தில் வெளிப்பக்கமாக சிலிகானைப் பிதுக்கி விரலால் தேய்த்து விடுவது. கொஞ்ச நாள் நின்ற மாதிரி இருக்கும், அப்புறம் அதே மூலையில் மறுபடி சொட்டும். அப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி வந்த தொட்டிகளைத்தான் நான் அதிகம் சரிசெய்திருக்கிறேன். வேலையில் பாதி நேரம் அந்தப் பூச்சைச் சுரண்டுவதற்கே போய்விடும். டியூபைத் திறக்கும் முன் அறிகுறி என்ன என்று பாருங்கள். பாதிப் பேருக்கு சிலிகானே தேவைப்படாது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டியில் சிலிகான் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. தொட்டி பிரியாமல் நிற்பது அதனால்தான். இதை இணைப்பு என்று சொல்கிறேன். உள்மூலைகளில் வளைவாக ஓடும் பட்டை இன்னொன்று. தண்ணீர் இணைப்பை நெருங்காமல் தடுப்பது அதன் வேலை. இதை உள்பட்டை என்று சொல்கிறேன். நாமே மாற்றக்கூடியது உள்பட்டை மட்டும்தான்.

அக்ரிலிக் தொட்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அக்ரிலிக்கில் சிலிகான் நம்பும்படி ஒட்டாது.

## இப்போதே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது

காரணத்தைப் பிறகு தேடலாம். முதலில் மின் இணைப்புகள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கலாம். மட்டம் வேகமாக இறங்காவிட்டால் கால் மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் தண்ணீரை எடுக்கலாம்.

மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, காற்று மோட்டாரைப் போட்டுவிடுங்கள். ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சையும் அதே தண்ணீரில், காற்றுக்குமிழி படும்படி போட்டு வையுங்கள். காய்ந்தால், மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியா செத்துவிடும், தொட்டி சரியான பிறகு மீன்கள் அம்மோனியாவில் தவிக்கும். பழுது பார்க்கிற அவசரத்தில் பலரும் மறப்பது இந்த ஸ்பாஞ்சைத்தான்.

ஓடுகிற தண்ணீரின் மேல் சிலிகான் பூச வேண்டாம். ஈரத்தில் அது ஒட்டாது.

## தொட்டியைச் சுற்றி ஈரம், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

எளிதான காரணங்களில் இருந்து தொடங்குங்கள்.

வியர்வை. தண்ணீர் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெளிக்கண்ணாடியில் நீர்த்துளிகள் பூக்கும், வழிந்து அடியில் சேரும். கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்கப் பரவலாகத் துளிர்த்தால் ஒழுகல் இல்லை.

ஃபில்டர், குழாய், காற்றுக்குமிழி. பின்பக்கம் தொங்கும் ஃபில்டரின் விளிம்பு, வெளி ஃபில்டரின் குழாய் மாட்டும் இடம், காற்று மோட்டாரின் டியூப் வழியாகப் பின்னோக்கி வரும் தண்ணீர், மூடியின் இடுக்கில் தெறிக்கும் குமிழி, இவை எல்லாமே அச்சு அசலாகத் தொட்டி ஒழுகுவது போலவே தெரியும். எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, டிஷ்யூவை நீளமாகக் கிழித்து தொட்டியின் அடி விளிம்பைச் சுற்றி வையுங்கள். ஃபில்டர் நிற்கும்போது டிஷ்யூ காய்ந்தே இருந்து, ஓடும்போது மட்டும் நனைந்தால் தொட்டியில் குறை இல்லை. மீன்கள் இருப்பதால் ஃபில்டரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம்.

ஆவியாதல். தரையில் ஈரமே இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால் கவலையை விடுங்கள். ஹீட்டர் ஓடும் தொட்டியில் கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் டிஷ்யூ நனைந்தால் தொட்டிதான் ஒழுகுகிறது. எந்தத் துண்டு முதலில் நனைந்தது என்பதைப் பாருங்கள். ஆனால் அந்த இடம்தான் ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடியில் பிளாஸ்டிக் சட்டம் இருக்கும் தொட்டியில் ஒரு மூலையில் நுழைந்த தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே ஓடி எதிர்மூலையில் சொட்டும். இணைப்பின் வெளி விளிம்பில் வெள்ளையாக உப்போ சுண்ணமோ படிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல நாளாகத் தண்ணீர் மெதுவாக வந்து காய்ந்த தடம் அது. டிஷ்யூவைவிட அந்தக் கோட்டை நான் அதிகம் நம்புவேன்.

## மட்டம் குறைந்து குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

நல்ல அறிகுறி. மட்டம் எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் ஓட்டை. நின்ற மட்டத்தைச் சுற்றிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோடு நான்கு செங்குத்து மூலைகளைத் தொடும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும். உள்பட்டையை நகத்தால் லேசாக ஒதுக்கிப் பாருங்கள், ஓரம் தூக்கினால் அதுதான் வழி.

மேல் பாதியில் இருக்கும் ஓட்டை என்றால், மீன்களை மாற்றாமலே மட்டத்தை அதற்குக் கீழே வைத்துக்கொண்டு சாவகாசமாக ஏற்பாடு செய்யலாம்.

## மட்டம் நிற்கவில்லை, அடிவரை இறங்குகிறது

ஓட்டை அடிப்பட்டையிலோ அடிக்கண்ணாடியிலோ இருக்கிறது. தொட்டியைக் காலி செய்து, காயவைத்து, இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஸ்டாண்டு. மேலே ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் கண்ணாடியும் மணலும் சேர்க்காமலே 100 கிலோ. ஸ்டாண்டின் ஒரு மூலை இறங்கியிருந்தால் தொட்டி முறுக்கிக்கொண்டு நிற்கும், அந்த முறுக்கு இணைப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை சிலிகான் போட்டாலும் வீண். அடியில் சட்டம் இல்லாத தொட்டிக்குக் கீழே தெர்மாக்கோல் அல்லது ஃபோம் ஷீட் வேண்டும், ஒரு மணல் துகள் மாட்டினால்கூட அடிக்கண்ணாடிக்கு ஆபத்து. சட்டம் உள்ள தொட்டிக்குப் பொதுவாக ஷீட் தேவையில்லை. தயாரிப்பாளர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடிக்கண்ணாடி. டார்ச்சைச் சாய்வாக அடித்தால் விரிசல் மின்னும். விரிசல் இருந்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

கண்ணாடி நன்றாக இருந்தால் உள்பட்டை. எங்காவது உரிந்தோ, வெட்டுப்பட்டோ, அடியில் பாசி படர்ந்தோ இருக்கும். அதற்கான வழி கீழே.

## உள்பட்டை உரிகிறது, ஆனால் ஒழுகவில்லை

பாசி சுரண்டும் பிளேடு மூலையில் பட்டுப்பட்டு ஓரம் கிழிந்திருக்கலாம். கிழிந்த ஓரத்துக்குள் பாசி நுழைந்து வளர்ந்தால் பட்டைக்கு அடியில் பச்சையோ கறுப்போ தெரியும். அந்த இடத்தில் பட்டை கண்ணாடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு கவனித்து வந்தால் போதும். நீளமாகப் பரவுகிறது, அல்லது அடிமூலையை நெருங்குகிறது என்றால் ஒழுகும் வரை காத்திருக்காதீர்கள்.

தெளிவான சிலிகான் நாளாக ஆக வெண்மையாகவோ மஞ்சளாகவோ மாறுவது மட்டும் குறையில்லை. மெத்திலீன் புளூ என்ற மீன் மருந்து போட்ட தொட்டியில் நீலமாகிவிடும், அது போகாது, கெடுதலும் இல்லை. நகத்தால் அழுத்தினால் ரப்பராக மீண்டால் விட்டுவிடுங்கள். பொடிந்தாலோ ஜவ்வாக நீண்டாலோ மாற்ற வேண்டும்.

## கண்ணாடிகளுக்கு நடுவே குமிழி, அல்லது வெள்ளிபோல் மின்னும் திட்டு

இது இணைப்பைப் பற்றிய அறிகுறி. அங்கங்கே தனித்தனியாக இருக்கும் குட்டிக் குமிழிகள் ஒட்டும்போதே மாட்டியவை. மாறாமல் இருந்தால் ஒன்றும் இல்லை. உள்விளிம்பில் இருந்து வெளிவிளிம்பு வரை நீளும் குமிழியும், மாதத்துக்கு மாதம் வளரும் மின்னும் திட்டும்தான் பயப்பட வேண்டியவை. அங்கே சிலிகான் கண்ணாடியைவிட்டுப் பிரிந்து நடுவில் காற்று நிற்கிறது. மார்க்கரால் திட்டின் ஓரத்தைச் சுற்றி வரைந்து தேதி போட்டு வையுங்கள்.

தொட்டி காலியாக இருக்கும்போது பக்கக் கண்ணாடியை உள்ளிருந்து மெதுவாக வெளியே அழுத்திப் பாருங்கள். மூலை துளி அசைந்தாலும், திட்டு இணைப்பின் அகலத்தில் பாதியைத் தாண்டியிருந்தாலும் உள்பட்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை. தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். தொட்டி ஒட்டித் தருபவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்துக் கூடும். 45 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான தொட்டியை நீங்களாகப் பிரித்து ஒட்ட நான் சொல்லமாட்டேன்.

## உள்பட்டையை மாற்றுவது

கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் என்ன என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். காய்ந்த பழைய சிலிகானில் புதிய சிலிகான் ஒட்டாது. தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை வழி இருந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிடும். அடியின் நான்கு பக்கமும் நான்கு செங்குத்து மூலைகளும் சேர்த்து மொத்தமாக மாற்றுங்கள்.

வெளிப்பக்கம் பூசுவதும் இதே கதிதான். உள்ளே போட்டால் தண்ணீர் பட்டையைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தும். வெளியே போட்டால் தள்ளிப் பிரிக்கும்.

எந்த சிலிகான். 100 சதவீதம் சிலிகான் என்று போட்டிருக்க வேண்டும், மீன் தொட்டிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. பூஞ்சை வராது என்று விளம்பரம் செய்யும் குளியலறை, சமையலறை டியூப் வேண்டவே வேண்டாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனையும் பாதிக்கும். தொட்டிக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் காயும்போது வினிகர் வாடை வரும் அசிட்டிக் வகை. வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பூஞ்சை மருந்து சேர்த்த டியூபிலும் அதே வாடை வரும். காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

சுரண்டுவது. இந்த வேலையின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. புதிய பிளேடைக் கண்ணாடியோடு படுக்கவைத்து இரண்டு பக்கமும் வெட்டி, பட்டையை நீளமாக உருவி எடுங்கள். பிளேடின் முனை கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடுக்குக்குள் போகவே கூடாது. அங்கே இருப்பது இணைப்பு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பட்டை வந்த பிறகு கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிச்சம் இருக்கும். புதிய பட்டை ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் அதுதான். பிளேடை மாற்றி மாற்றிச் சுரண்டிவிட்டு, அந்தப் பட்டை இருந்த தடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவிப் படரும். சிலிகான் மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு விலகி நிற்கும். விரலை ஓட்டினால் கண்ணாடி கிறீச்சென்று சொல்லும், படலம் இருக்கும் இடத்தில் விரல் லேசாக இழுபடும். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி சுரண்டுங்கள். அவசரப்படாதீர்கள், இதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம் வீணாகாது.

சுண்ணக்கறை இருந்தால் வினிகரால் கரைத்து, தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். கடைசியாக அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பகுதியால் துடையுங்கள். இரண்டும் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அசிட்டோன் பிளாஸ்டிக் சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

போடுவது. மூலையில் இருந்து இரண்டு பக்கமும் 6 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நாசிலைச் சாய்வாக, துளை சிறியதாக இருக்கும்படி வெட்டுங்கள். சிலிகான் கன்னைச் சீரான அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். மேல்தோல் கட்ட 10 முதல் 20 நிமிடம் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதற்குள் போட்டு, இழைத்து, டேப்பை எடுத்தாக வேண்டும். ஒருவர் போட்டுக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே இழைத்தால் வேலை நிதானமாக நடக்கும். தனியாக என்றால் செங்குத்து மூலைகளை முதலில் முடித்துவிட்டு, தாமதிக்காமல் அடிப்பக்கம் வாருங்கள். மூன்று கண்ணாடிகள் சேரும் அடிமூலைகளில் எல்லாம் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடொன்று கலந்துவிட வேண்டும்.

கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் அழுத்தி இழைக்கவும். திரும்பத் திரும்ப நீவினால் நடுவில் பட்டை மெலிந்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டு இழைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சோப்பு வழிந்து இன்னும் போடாத இடத்தில் பட்டால் அங்கே ஒட்டாது. இழைத்த உடனே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள்.

காயவிடுவது. சிலிகான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியில் இருந்து உள்நோக்கிக் காயும், ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று ஆகாது. சின்னத் தொட்டிக்கு 3 நாள், பெரியதற்கு ஒரு வாரம் விடுங்கள். தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்து வினிகர் வாடை வந்தால் இன்னும் ஒரு நாள்.

சோதனை. தண்ணீர் கொட்டினாலும் பாதகமில்லாத சமதளத்தில் தொட்டியை வைத்து, அடியில் செய்தித்தாள் விரியுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரப்பிச் சில மணி நேரம், பாதி நிரப்பி ஒரு இரவு, முழுக்க நிரப்பி இரண்டு நாள். தாள் காய்ந்தே இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மணலும் மீனும் போடலாம். தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது.

## புதிய பட்டை நாட்கணக்கில் பிசுபிசுக்கிறது

காற்று மிகவும் வறண்டிருந்தால் தாமதமாகலாம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து இன்னும் இரண்டு நாள் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டியூப் பழையது. சமாதானம் செய்யும் வழி இல்லை, முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிய டியூபில் தொடங்க வேண்டும். டியூபைப் பிரித்ததும் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு பொட்டு வைத்து, மறுநாள் ரப்பராக ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் கைவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

## பட்டை மாற்றியும் அதே இடத்தில் ஒழுகுகிறது

ஒழுகிய இடத்தில் பட்டையின் ஓரத்தை பிளேடால் கிளப்பி இழுத்துப் பாருங்கள். கண்ணாடியில் துளியும் ஒட்டாமல் நீளமாக உரிந்து வந்தால் அடியில் படலமோ ஈரமோ இருந்திருக்கிறது, சுத்தம் செய்வதில் இருந்து மறுபடி தொடங்குங்கள். கிழிந்து கிழிந்துதான் வருகிறது என்றால் ஒட்டு நன்றாகவே இருக்கிறது, ஓட்டை வேறு இடத்தில். அடிமூலைகளையும், மேலே சொன்ன வெள்ளைக் கோட்டையும், ஸ்டாண்டின் மட்டத்தையும் மறுபடி பாருங்கள். இரண்டு தடவை ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் இணைப்பு போயிருக்கிறது, தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

## சிலிகான் போட்ட பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன

உடனே மீன்களை வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள், பிறகு காரணம் தேடலாம். ஃபில்டர் ஸ்பாஞ்ச் காய்ந்துபோயிருந்தால் அம்மோனியா ஏறியிருக்கும், அதற்கான பரிசோதனைக் கிட்டில் தெரிந்துவிடும். பட்டை முழுக்கக் காயும் முன் தண்ணீர் விட்டிருந்தால் அசிட்டிக் அமிலம் இறங்கி pH குறைந்திருக்கும். தொட்டியைக் காலி செய்து வாடை போகும் வரை காயவிட்டு, இரண்டு தடவை தண்ணீர் நிரப்பி ஊறவைத்துக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும். பூஞ்சை மருந்து கலந்த டியூபைப் போட்டிருந்தால் ஊறவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அந்தப் பட்டையை முழுக்க எடுத்துவிடுங்கள்.

## கண்ணாடியில் விரிசல்

விரிசலின் மேல் சிலிகான் பூசுவது ஒழுகலைக் கொஞ்ச நேரம் மறைக்கும், கண்ணாடிக்குப் பலம் தராது. முன், பின், பக்கக் கண்ணாடியில் விரிசல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே தண்ணீரை இறக்குங்கள். எந்த நேரத்தில் முழுக்கப் பிளக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

மேல் விளிம்பில் சின்னதாகச் சில்லு பெயர்ந்து, அதில் இருந்து கோடு எதுவும் ஓடவில்லை என்றால் பயமில்லை. கையைக் கிழிக்காமல் இருக்க அதன் மேல் கொஞ்சம் சிலிகான் வைத்துவிடலாம்.

சின்னத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் விரிசல் என்றால் ஒரு வழி உண்டு. உள்அடி முழுவதையும் மூடும் அளவுக்கு, பழையதற்குக் குறையாத தடிமனில் இன்னொரு கண்ணாடி வெட்டி வாங்கி, சிலிகானை நெருக்கமாகப் பரப்பி அதன் மேல் படுக்கவைத்து, சுற்றிலும் புதிய உள்பட்டை போடலாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்று எளிதில் நுழையாது என்பதால் காய்வதற்கு ஒரு வாரத்துக்கு மேலேயே விடுங்கள். பெரிய தொட்டிக்கு இதை நம்ப வேண்டாம். ஒட்டித் தருபவரிடம் கொடுக்கும்போது நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம், இப்போதுள்ள கண்ணாடியின் தடிமன் நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக் கொடுங்கள், தடிமன் அந்த உயரத்துக்குப் போதுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.